பழைய படமும் பட்டாளத்துச் சின்னமும்



இக்கட்டுரை சற்றே நீளமானது. பொறுமையோடு படிக்க வேண்டுகிறேன். ஒரு பழைய புகைப்படத்தைப் பற்றியும், அதில் நிற்கும் ஒருவரின் தோளில் தைக்கப்பட்டிருந்த பாதி உள்ளங்கை அளவுத் துணித்துண்டைப் பற்றியும் எழுதப் போகிறேன். அந்தத் துண்டுத் துணி எங்கள் லூனாஸ் வட்டாரத்துக் குடும்பம் ஒன்றின் கதையையே மாற்றிவிட்டது. எனக்கும் ஒரு பாடம் கற்பித்தது.

பள்ளியில் வரலாற்று மூலை அமைப்பதற்காக ஆறாம் ஆண்டு மாணவர்களிடம், "வீட்டில் இருக்கும் பழைய படங்களைக் கொண்டு வாருங்கள்" என்று கூறியிருந்தேன். திருமணப் படங்கள், கித்தாத் தோட்டத்துப் படங்கள், பழைய அடையாள அட்டைகள் எனப் பலவும் வந்தன. ஒரு மாணவன் மட்டும் நெகிழிப் பைக்குள் செய்தித்தாளைச் சுற்றி, அதற்குள் ஒரு படத்தைப் பத்திரப்படுத்திக் கொண்டு வந்தான். தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய கறுப்பு வெள்ளைப் படம். ஓரங்கள் பழுப்பேறியிருந்தன. தோட்டத்து லயத்து வீட்டின் முன்னால் இருவர். ஒருவர் இராணுவ உடையில், அகன்ற விளிம்புத் தொப்பியைக் கையில் பிடித்தபடி நிமிர்ந்து நிற்கிறார். மற்றவர் மரப்படியில் அமர்ந்திருக்கிறார். இடுப்பில் துண்டு, விலா எலும்புகளை எண்ணிவிடலாம், ஒரு காலில் துணிக்கட்டு.

"சார், நிக்கிறவரு எங்க கொள்ளுத் தாத்தா. நேதாஜி படையில இருந்தாரு" என்றான் பெருமையோடு.

"உட்கார்ந்திருப்பவர்?"

"யாருன்னு தெரியல சார். யாரோ ஒருத்தரு."

நானும் மகிழ்ந்தேன். "இந்திய தேசிய இராணுவத்தில் லூனாஸ் வீரர்" என்று ஓர் அட்டையில் எழுதச் சொன்னேன். அவனும் அழகான கையெழுத்தில் எழுதினான். அத்தோடு விட்டிருந்தால் இக்கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது.

படத்தைப் பெரிதாக்கி அச்சிடுவதற்காக வருடியில் வைத்து எடுத்தபோது, நின்றவரின் சட்டைக் கையின் மேற்புறத்தில் ஒரு சதுரம் தெரிந்தது. சாம்பல் நிறச் சதுரத்தின் நடுவில் கறுப்பாக ஏதோ ஓர் உருவம். கணினித் திரையை நானும் மாணவர்களும் உற்றுப் பார்த்தோம். இலையா? இதயமா? வேலின் முனையா? நான் யோசித்துக் கொண்டிருக்கையில் பின்னாலிருந்து ஒரு மாணவி சொன்னாள்:

"சார், அது சீட்டு சார். இஸ்பேட்டு. எழவு வீட்டுல மாமாங்க விளையாடுவாங்களே!"

வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அவள் சொன்னது முற்றிலும் சரி.

இவ்விடத்தில் என் பழைய பிழை ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் இதே வரலாற்று மூலையில், பாயும் புலி பொறித்த மூவண்ணத் தோள்சின்னம் ஒன்றின் படத்தை இணையத்திலிருந்து எடுத்து, "மலாயாவில் நேதாஜி படையினர் அணிந்த சின்னம்" என்று எழுதி ஒட்டியிருந்தேன். பிறகுதான் உண்மை தெரிந்தது. அந்தப் புலிக்கு மேலே ஜெர்மன் மொழியில் "சுதந்திர இந்தியா" என்று எழுதப்பட்டிருந்தது. அது ஐரோப்பாவில், ஜெர்மானிய இராணுவத்தின் கீழ் அமைக்கப்பட்ட இந்தியப் படையணியின் சின்னம். அதை அணிந்தவர்கள் வடஆப்பிரிக்கப் போர்முனையில் சிறைப்பட்ட இந்தியச் சிப்பாய்களிலிருந்து திரட்டப்பட்டவர்கள். சுபாஷ் சந்திர போஸ் தொடங்கிய முயற்சிதான் அதுவும். ஆயினும் கெடாவின் தோட்டங்களிலிருந்து புறப்பட்டுச் சென்ற நம்மவர் அணிந்த சின்னம் அதுவன்று. இரண்டாண்டுகள் அந்தப் படம் சுவரில் தொங்கியது. எத்தனை பிள்ளைகள் அதைப் பார்த்துக் குறிப்பெடுத்தனரோ!

அதன்பின்னரே தோள்சின்னங்களைப் பற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்கத் தொடங்கினேன். அந்தப் படிப்புதான் இப்போது கைகொடுத்தது.

தோள்சின்னம் என்பது எதற்காக? முதலாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் இராணுவத்தில் இவ்வழக்கம் பரவியது. ஒரு டிவிஷனில் பல்லாயிரம் வீரர்கள் இருப்பர். வண்டிகள், சமையற்கூடங்கள், மருத்துவமனைகள் எல்லாம் உண்டு. யார் எந்தப் பிரிவைச் சேர்ந்தவர் என்று தம்மவர்க்குத் தெரிய வேண்டும். பகைவர்க்குத் தெரியக் கூடாது. எண்ணையும் பெயரையும் எழுதினால் ஒற்றன் படித்துவிடுவான். ஆகவே, சேவல், பூனை, அம்பு, பந்து என்று படம் வரைந்தனர். எழுதப் படிக்கத் தெரியாத சிப்பாய்க்கும் அது புரியும். கோயில் கொடியில் சேவலைக் கண்டால் முருகன் என்றும், காளையைக் கண்டால் சிவன் என்றும் நாம் அறிந்து கொள்வதில்லையா? அதே முறைதான். முதற்போர் முடிந்தபின் மறைந்த இவ்வழக்கம், 1940-இல் மீண்டும் உயிர்பெற்றது.

பர்மாப் போர்முனையில் இருந்த இந்திய டிவிஷன்களின் சின்னங்கள் சிலவற்றைக் கூறுகிறேன். 5-ஆவது டிவிஷனுக்குக் கறுப்புத் துணியில் சிவப்புப் பந்து. 7-ஆவது டிவிஷனுக்குப் பொன்னிற அம்பு. 17-க்குக் கறுப்புப் பூனை. 23-க்குச் சிவப்பு நிறச் சண்டைச் சேவல். 26-க்கு முக்கோணத்திலிருந்து வெளியே அடியெடுத்து வைக்கும் வங்கப்புலி. 25-க்குப் பச்சைத் துணியில் கறுப்பு இஸ்பேட்டு.

இதில் 26-ஆவது டிவிஷனின் புலியை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். இந்திய வீரர் ஒருவரின் தோளில் புலியைக் கண்டதும் "நேதாஜி படை" என்று முடிவு கட்டுவோர் இன்றும் பலர். ஒரு புலி ஜெர்மானிய இராணுவத்தின் கீழ் இருந்த இந்தியருடையது. மற்றொரு புலி நேதாஜியின் படையை எதிர்த்துப் போரிட்ட பிரிட்டிஷ் இந்தியப் படையினுடையது. புலி ஒன்றாகத் தெரிந்தாலும் காடு வேறு.

சரி, கெடா மாநிலத்துக்கு வருவோம். 1941 முதல் 1946 வரையிலான ஐந்தே ஆண்டுகளில் இந்த மண்ணை மிதித்துச் சென்ற சீருடைகள் எத்தனை! பழைய படம் ஒன்றைக் கையில் எடுப்பவர் இந்த வரிசையை மனத்தில் கொள்ள வேண்டும்.

முதலில் 11-ஆவது இந்திய டிவிஷன். 1941 டிசம்பர் 8-ஆம் நாள் ஜப்பானியர் கோத்தா பாருவிலும், தாய்லாந்தின் சிங்கோரா, பத்தானி கடற்கரைகளிலும் இறங்கினர். அதே நாளில் சுங்கை பட்டாணி, பட்டர்வொர்த் விமானத் தளங்களில் குண்டு விழுந்தது. டிசம்பர் 11, 12-இல் ஜித்ராவில் பிரிட்டிஷ் அணி உடைந்தது. 14, 15-இல் குருணில் மீண்டும் உடைந்தது. 17-ஆம் நாள் நம் கூலிம் வட்டாரத்துத் தித்தி காராங்கானில் ஸ்காட்லாந்து நாட்டு ஆர்கைல் படையினர் ஜப்பானியரை எதிர்த்துப் போரிட்டுப் பின்வாங்கினர். அவ்வீரர்களைக் காட்டும் படங்களில் வெளிர் காக்கிக் கால்சட்டையும் இரும்புத் தலைக்கவசமும் தெரியும்.

அடுத்து, ஜப்பானியர். அவர்களிடையே வண்ணமயமான டிவிஷன் தோள்சின்னங்களைத் தேட வேண்டாம். தொப்பியில் ஐந்துமுனை நட்சத்திரம் இருந்தால் தரைப்படை. நங்கூரம் இருந்தால் கடற்படை. கழுத்துப்பட்டையில் பதவியைக் காட்டும் சிறிய துணி. வெள்ளைக் கைப்பட்டையில் சிவப்பு எழுத்துகள் இருந்தால், பெயரைக் கேட்டாலே நம் பாட்டன்மார் நடுங்கிய கெம்பெய்தாய்.

மூன்றாவது, நம்மில் பலர் மறந்துவிட்ட ஒன்று. 1943 அக்டோபரில் கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு ஆகிய நான்கு மாநிலங்களையும் ஜப்பான் தாய்லாந்திடம் ஒப்படைத்தது. கெடாவின் பெயரும் சாய்புரி என மாறியது. ஆகவே, 1944-இல் அலோர் ஸ்டாரில் எடுக்கப்பட்ட படத்தில் நிற்கும் சீருடைக்காரர் தாய்லாந்து அதிகாரியாகவும் இருக்கலாம்.

நான்காவது, இந்திய தேசிய இராணுவம். அதன் கதையின் முதல் ஏடே கெடாவில்தான் எழுதப்பட்டது என்பதை எத்தனை பேர் அறிவோம்? ஜித்ராத் தோல்விக்குப் பின் காட்டில் அலைந்த கேப்டன் மோகன் சிங், அலோர் ஸ்டாரில்தான் பிரீதம் சிங்கையும் ஜப்பானிய மேஜர் புஜிவாராவையும் சந்தித்தார். அவரோடு சேர்ந்த சிப்பாய்கள் அணிந்திருந்தது அதே பிரிட்டிஷ் காக்கிதான். வேறுபாடு கையில் மட்டும்: 'எஃப்' என்ற ஆங்கில எழுத்துப் பொறித்த கைப்பட்டை. 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூரில் தலைமையேற்றபின் தோட்டப்புறத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தனர். ஜான்சி ராணிப் படையில் நம் பெண்கள் துப்பாக்கி ஏந்தினர். அப்படையினரின் உடையும் பெரும்பாலும் கைப்பற்றப்பட்ட பிரிட்டிஷ் கிடங்குகளிலிருந்து வந்ததே. ஆகவே, உடையை வைத்து முடிவு சொல்ல இயலாது. சின்னத்தைத்தான் பார்க்க வேண்டும். இந்திய வரைபடமும், ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்னும் பொருள் தரும் உருதுச் சொற்களும் கொண்ட சின்னம் அவர்களுடையது.

ஐந்தாவது, 1945 ஆகஸ்டில் ஜப்பான் பணிந்தவுடன் காட்டிலிருந்து வெளிவந்த மலாயா மக்கள் ஜப்பானிய எதிர்ப்புப் படை. தொப்பியில் மூன்று நட்சத்திரங்கள். மூன்று இனங்களைக் குறிப்பவை. மக்கள் அவர்களை 'பிந்தாங் தீகா' என்றே அழைத்தனர்.

ஆறாவது, திரும்பி வந்த பிரிட்டிஷ் இந்தியப் படை. 1945 செப்டம்பரில் மோரிப், போர்ட் டிக்சன் கடற்கரைகளில் இறங்கியவை 25-ஆவது, 23-ஆவது டிவிஷன்கள். சிங்கப்பூருக்கு வந்தது 5-ஆவது டிவிஷன். இவற்றுள் 23-உம் 5-உம் சில வாரங்களிலேயே ஜாவாவுக்கு அனுப்பப்பட்டுவிட்டன. 25-ஆவது டிவிஷன் மலாயாவிலேயே இருந்து, 1946-இல் கலைக்கப்பட்டது. எனவே, மலாயாவில் எடுத்த படத்தில் சேவலோ சிவப்புப் பந்தோ தென்பட்டால் அது பெரும்பாலும் 1945-இன் இறுதி மாதங்களுக்கு உரியது. இஸ்பேட்டு தென்பட்டால் 1946 வரையிலும் செல்லலாம். பின்புறத்தில் தேதி எழுதப்படாத படத்துக்கு இப்படித் தேதி கிடைத்துவிடுகிறது.

இவற்றோடு, 1948-இல் தொடங்கிய அவசரகாலத்தின் தோட்டக் காவலர்கள், ஊர்க்காவல் படையினர் ஆகியோரின் படங்களும் "ஜப்பான்காரன் காலத்துப் படம்" என்ற பெயரிலேயே பல வீடுகளில் இருக்கின்றன. அவையும் கவனத்துக்குரியவை.

படத்தைப் படிக்கும்போது சில எச்சரிக்கைகள் வேண்டும். மாணவர்களுக்கு நான் சொல்லிக் கொடுத்தவற்றை இங்கும் தருகிறேன்.

முதலாவது, கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் ஏமாற்றும். அக்காலத்தில் பரவலாக விற்ற கோடாக் வெரிகுரோம் போன்ற படச்சுருள்கள் சிவப்பு ஒளியை உணரமாட்டா. சிவப்பு கறுப்பாகிவிடும், நீலம் வெளுத்துவிடும். 5-ஆவது டிவிஷனின் சிவப்புப் பந்து கறுப்புத் துணியோடு கலந்து, வெறும் கறுப்புச் சதுரமாகவே தெரியக்கூடும். பச்சைத் துணியில் கறுப்பு இஸ்பேட்டோ தெளிவாகத் தெரியும்.

இரண்டாவது, படச்சுருளைத் திருப்பிப் போட்டு அச்சிட்டிருந்தால் இடம் வலமாகிவிடும். சட்டைப் பொத்தானைப் பாருங்கள். ஆண்களின் சட்டையில் இடப்பக்கத் துணிதான் வலப்பக்கத்தின் மேல் வரும். மாறியிருந்தால் படம் தலைகீழாக அன்று, இடவலமாகப் புரண்டிருக்கிறது என்று பொருள்.

மூன்றாவது, சின்னம் இல்லாமையைச் சான்றாகக் கொள்ளக் கூடாது. போர்முனைக்குச் செல்லும்போது பகைவர் அறியாதிருக்கச் சின்னங்களைக் கழற்றிவிடுவதுண்டு. சிறைப்பட்டவர்களும் சரணடைந்தவர்களும் தாமே பிய்த்தெறிவதுண்டு.

நான்காவது, ஒரே ஓர் அடையாளத்தை வைத்துத் தீர்ப்பெழுதக் கூடாது. தொப்பி, உடையின் நிறம், காலணி, துப்பாக்கி, பின்னணி ஆகிய அனைத்தும் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்று பார்க்க வேண்டும். சாட்சிகள் பலர் ஒத்துப் பேசினால்தான் வழக்கு நிற்கும்.

எங்கள் படத்தை இம்முறையில் மீண்டும் பார்த்தோம். பொத்தான்கள் சரியான பக்கத்தில் இருந்தன. நின்றவரின் உடை 1941-இன் வெளிர் காக்கி அன்று, அடர்ந்த நிறம். 1943-க்குப்பின் பர்மாப் போர்முனையில் வழங்கப்பட்ட காட்டுப்பச்சைச் சீருடையாக இருக்க வேண்டும். கையிலிருந்த அகன்ற விளிம்புத் தொப்பி பர்மாவில் போரிட்ட படையினர் பரவலாக அணிந்தது. தோளில் இஸ்பேட்டு. எல்லாம் ஒன்றையே சொல்லின. அவர் நேதாஜியின் படையினர் அல்லர். 25-ஆவது இந்திய டிவிஷனைச் சேர்ந்தவர். 1945 செப்டம்பருக்குப் பின் மலாயாவுக்கு வந்தவர். அப்படியாயின் அவர் இத்தோட்டத்துக்காரராகவே இருக்க முடியாதே!

இப்போதுதான் எனக்குத் தயக்கம் வந்தது. மாணவன் ஏற்கெனவே அட்டையை எழுதிவிட்டான். அவன் வீட்டில் அந்தப் படத்துக்குப் பூவைத்து வணங்குகின்றனர். லாரி ஓட்டிப் பிழைக்கும் அவன் தந்தைக்கு, "என் தாத்தா நேதாஜியோடு நின்றவர்" என்பது ஒரு சொத்து. நிலமோ வீடோ இல்லாதவர்களுக்கு இப்படியொரு சொத்துத்தான் மிஞ்சுகிறது. அதில் கைவைக்க நான் யார்?

இரண்டு நாள் யோசித்தபின் தந்தையை அழைத்து மெதுவாகச் சொன்னேன். சிறிது நேரம் மறுமுனையில் பேச்சில்லை. பிறகு, "சார், அப்படியே இருக்கட்டும் விடுங்க. பையன் ஆசையா எழுதிட்டான்" என்றார். குரலில் கோபமில்லை, அதனால்தான் எனக்கு அதிகம் வலித்தது. இன்னும் சிறிது நேரங்கழித்து அவரே, "பாடாங் செராய்ல எங்க அத்தைப் பாட்டி இருக்காங்க. தாத்தாவோட சொந்த மக. அவங்களக் கேட்டுப் பாருங்க" என்றார்.

அடுத்த சனிக்கிழமை மூவரும் சென்றோம். எண்பத்தைந்தைத் தாண்டிய மூதாட்டி. கண் மங்கல், நினைவு மங்கவில்லை. பெரிதாக்கிய படத்தை மடியில் வைத்து, விரலால் தடவியபடி நெடுநேரம் பார்த்தார். பிறகு நின்றவரைத் தாண்டி, மரப்படியில் அமர்ந்திருந்தவர்மீது விரல் நின்றது.

"இதுதான் வாத்தியாரே, எங்கப்பா."

மாணவனின் தந்தை குனிந்து பார்த்தார். "அப்ப நிக்கிறது யாரு அத்தை?"

"அது பட்டாளத்துக்காரரு. அப்பாவுக்கு ஊருல பக்கத்துக் கிராமம். சொந்தக்காரங்க இங்க எங்கயாச்சும் இருக்காங்களான்னு தேடிக்கிட்டு வந்தாரு. பேரு எனக்குத் தெரியாது. அரிசி குடுத்தாரு, கம்பளி குடுத்தாரு. அவருதான் படம் புடிக்க வச்சாரு. அப்பா அப்பதான் சயாமுலேர்ந்து வந்த நேரம். கால்ல புண்ணு. என்னைத் தூக்கக்கூட முடியல அவரால."

சயாமுக்குப் போனவர் நால்வர் என்றும், திரும்பியவர் ஒருவர் என்றும் அவர் கூறினார். அந்த ஒருவர்தான் படியில் அமர்ந்திருந்தவர். 1943-இல் கிராணி பெயர் எழுதிக்கொண்டு போனாராம். மூன்று மாத வேலை என்றார்களாம். இத்தனை ஆண்டுகளாக ஏன் இதைச் சொல்லவில்லை என்று கேட்டேன். "யாரு கேட்டா? தம்பி மகன் படத்த மாட்டி வச்சிருக்கான்னு கேள்விப்பட்டேன். எங்கப்பாவத்தான் கும்புடுறாங்கன்னு நெனச்சேன்" என்றார்.

திரும்பி வரும்போது வண்டியில் யாரும் பேசவில்லை. பாடாங் செராய்ச் சாலையின் செம்பனைத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டே வந்த மாணவன் திடீரென்று கேட்டான்: "அப்ப எங்க கொள்ளுத் தாத்தா வீரர் இல்லியா சார்?"

உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதைத்தான் இங்கே எழுத முயல்கிறேன்.

சயாம் - பர்மா ரயில்பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிக்கப்பட்டது. அதில் இறந்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் சுமார் 13,000 பேர். இறந்த பொதுமக்கள் 80,000 முதல் 100,000 வரை இருக்கலாம் என மதிப்பிடுகின்றனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர்கள் அவர்களுள் பெருந்தொகையினர். போர்க்கைதிகளின் எண்ணிக்கையைச் சொல்ல முடிகிறது. நம்மவரின் எண்ணிக்கையை "இருக்கலாம்" என்றுதான் சொல்ல முடிகிறது. இருபதாயிரம் உயிர்கள் கூடவோ குறையவோ இருக்கலாம் என்பது எத்தகைய கணக்கு!

காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 வீரர்கள் துயில்கின்றனர். அடையாளம் தெரிந்தவரின் கல்லறையில் பெயரும் படைப்பிரிவும் இருக்கின்றன. சிங்கப்பூர்க் கிராஞ்சி நினைவகத்தில், கல்லறையே இல்லாத 24,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்கள் சுவரில் பொறிக்கப்பட்டுள்ளன. இந்தியச் சிப்பாய்களும் அவர்களுள் உளர். எப்படி முடிந்தது? படைக்குப் பதிவேடு உண்டு, எண் உண்டு, சின்னம் உண்டு. சீருடை அணிந்தவனை அரசாங்கம் கணக்கில் வைத்தது. கோவணத்தோடு தண்டவாளம் சுமந்தவனை எவரும் கணக்கில் வைக்கவில்லை.

பழைய படங்களைப் படிக்கும் நாமும் அதைத்தான் செய்கிறோம். எடுத்தவுடன் கண் சீருடையைத் தேடுகிறது, தோளைத் தேடுகிறது, தொப்பியைத் தேடுகிறது. சின்னம் அணியாதவர் "யாரோ ஒருத்தர்" ஆகிவிடுகிறார். அந்தக் குடும்பம் வேண்டுமென்றே பொய் சொல்லவில்லை. கம்பீரமாக நிற்பவர்தான் நம் முன்னோராக இருக்க வேண்டும் என்று தலைமுறைக்குத் தலைமுறை விரும்பியிருக்கின்றனர். விருப்பம் மெல்ல மெல்ல வரலாறாகிவிட்டது. நானும் அட்டை எழுதச் சொல்லி அதற்கு முத்திரை குத்தப் பார்த்தேன்.

நேதாஜியின் படையில் சேர்ந்த தோட்டத்துத் தமிழர்களின் பெருமை இதனால் ஒரு சிறிதும் குறையாது. அவர்கள் இருந்தனர்; போரிட்டனர்; பர்மாக் காடுகளில் மடிந்தனர். அவர்களுக்குரிய மதிப்பை அவர்களுக்கே கொடுக்க வேண்டுமானால், அவர்களல்லாத ஒருவரை அவர்கள் வரிசையில் நிறுத்தக் கூடாது. அதேபோல், இஸ்பேட்டு அணிந்து வந்த அந்தச் சிப்பாயை எதிரியென்று தள்ளவும் எனக்கு மனம் வரவில்லை. பர்மாவில் தன் இனத்தவரையே எதிர்த்துச் சுட நேர்ந்த படையைச் சேர்ந்தவர் அவர். ஆயினும் லூனாஸ் தோட்டத்துக்கு அரிசி மூட்டையோடு வந்திருக்கிறார். பக்கத்துக் கிராமத்துக்காரரின் எலும்புக்கூட்டு உடலுக்கு அருகில் நின்று, அந்த நாளைப் படமாக்கிவிட்டுச் சென்றிருக்கிறார். அவர் வந்திராவிட்டால் சயாமிலிருந்து மீண்ட அம்மனிதரின் முகம் யாருக்கும் தெரியாமலே போயிருக்கும். அவருடைய டிவிஷன் நமக்குத் தெரிகிறது, பெயர் தெரியவில்லை. அமர்ந்திருப்பவரின் பெயர் தெரிகிறது. அவருக்கு எந்தப் பட்டியலிலும் இடமில்லை.

திங்கட்கிழமை காலை மாணவன் என்னிடம் வந்தான். பழைய அட்டையைக் கிழித்துவிட்டிருந்தான். அவனும் அவன் தந்தையும் அமர்ந்து எழுதிய புதிய அட்டையைக் கொடுத்தான். அதில் இருந்தவை இவை:

"அமர்ந்திருப்பவர் என் கொள்ளுத் தாத்தா. சயாம் மரண ரயில்பாதையில் வேலை செய்து உயிரோடு திரும்பி வந்தவர். நிற்பவர் 25-ஆவது இந்திய டிவிஷனைச் சேர்ந்த சிப்பாய். எங்கள் குடும்பத்துக்கு அரிசி கொடுத்தவர். படம் எடுக்கப்பட்ட காலம்: 1945 இறுதி அல்லது 1946."

எழுத்துப் பிழை ஒன்று மட்டும் இருந்தது, திருத்தினேன். வேறெதையும் மாற்றவில்லை. அவன் வண்டியில் கேட்ட கேள்விக்கு அவனே விடை கண்டுகொண்டான் போலும்.

கண்காட்சிக்கு வந்த பெற்றோர்களில் மூவர் அந்தப் படத்தின் முன் நெடுநேரம் நின்றனர். அவர்களுள் ஒருவர், "எங்க தாத்தாவும் சயாமுக்குப் போனவருதான் சார். படம் இருக்கு, யாருக்கும் காட்டுனதில்ல" என்றார். "கொண்டு வாருங்கள்" என்றேன்.

அன்பர்களே, உங்கள் வீட்டுப் பெட்டியிலும் இப்படி ஒரு படம் இருக்கலாம். எடுத்துப் பாருங்கள். தோளில் சின்னம் இருந்தால் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள், பொத்தானைப் பாருங்கள், பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, பென்சிலால் மென்மையாகப் பின்னால் எழுதி வையுங்கள். முக்கியமாக, சின்னம் ஏதுமின்றி ஓரத்தில் அமர்ந்திருப்பவர் யார் என்று கேட்க மறவாதீர்கள்.

மீண்டும் சந்திப்போம்.